முன் கண்ணாடியில் யார் பெயர் இருக்க வேண்டும்?

கேள்வி:

சில நாள் முன்பு பெரம்பலூர் பக்கம் வந்துகொண்டிருந்தபோது, முன்னால் போன ஜல்லி லாரியிலிருந்து ஒரு கல் தெறித்து என் வண்டியின் முன் கண்ணாடியில் பட்டது. முதலில் மிளகு அளவுப் புள்ளிதான். மறுநாள் வெயிலில் நிறுத்திவிட்டு வந்து ஏசி போட்டதும் கோடாக இழுத்துக்கொண்டு ஓரம் வரை போய்விட்டது. வண்டி 2023 மாடல் எஸ்யூவி, 1,500 சிசிக்குள் பெட்ரோல், ஏடாஸ் உண்டு. கம்பெனி சர்வீஸ் சென்டரில் எல்லாம் சேர்த்து 38,000 ரூபாய் என்கிறார்கள். திருச்சியில் ஒரு கடைக்காரர், "அதே கண்ணாடிதான் சார், லோகோ மட்டும் இருக்காது" என்று 14,000 சொல்கிறார். இன்ஷூரன்ஸ் க்ளைம் போடலாம் என்றால், பழைய வண்டியிலிருந்து மாற்றிக்கொண்டு வந்த என்சிபி (க்ளைம் போடாததற்கான போனஸ்) 50 சதவீதம் போய்விடும் என்று மச்சான் தடுக்கிறார். நான் ஒரிஜினல் போடுவதா, வெளிக் கண்ணாடி போடுவதா? தம்பியிடம் 2012 மாடல் சின்னக் கார் ஒன்று இருக்கிறது. அதன் கண்ணாடியும் வைப்பர் தேய்த்துத் தேய்த்துக் கீறலாகிவிட்டது. அதற்கும் இதே பதில்தானா?

— ஒரு வாசகர், பெரம்பலூர் மாவட்டம்

பதில்:

தம்பியின் வண்டிக்குத் திருச்சிக் கடையிலேயே தாராளமாகப் போடலாம். உங்கள் வண்டிக்கு அந்த 14,000 முழு விலை இல்லை; அதில் ஒரு பெரிய வேலை விட்டுப்போயிருக்கிறது. அதைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் சர்வீஸ் சென்டரும் கடையும் நீங்கள் நினைக்கும் அளவு தள்ளி நிற்கவில்லை. மச்சானின் கணக்கையும் கடைசியில் போட்டுப் பார்ப்போம்.

கார் கம்பெனிகள் கண்ணாடியைத் தாங்களே செய்வதில்லை. அசாஹி இந்தியா, செயின்ட் கோபெய்ன் செக்யூரிட் போன்ற கண்ணாடிக் கம்பெனிகள் செய்து கொடுக்கின்றன. அசாஹி இந்தியாவில் மாருதி சுசுகிக்கே பங்கு உண்டு. ஆகவே லோகோவுக்குத்தான் காசு என்று கடைக்காரர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் சந்தையில் "அதே கண்ணாடி" என்ற ஒரே பேச்சில் மூன்று விதமான சரக்கு விற்கிறது. கார் கம்பெனியின் லோகோ போட்டு, அதன் பார்ட் நம்பரோடு பெட்டியில் வருவது ஒன்று. அதே கண்ணாடிக் கம்பெனி தன் பெயரை மட்டும் போட்டு வெளிச்சந்தைக்கு விடுவது இரண்டாவது. மூன்றாவது, அந்தக் காருக்கு ஒருநாளும் சப்ளை செய்யாத யாரோ, ஓர் ஒரிஜினல் கண்ணாடியை வாங்கி அளவெடுத்து அதைப்போல வார்த்தது. இரண்டாவதைக் காட்டி விலை பேசிவிட்டு மூன்றாவதை மாட்டிவிடும் கடைகளும் இருக்கின்றன. எல்லாரும் அப்படி என்று சொல்ல மாட்டேன்.

மூன்றும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். சட்டப்படி முன் கண்ணாடி லேமினேட்டட்தான்: இரண்டு கண்ணாடித் தகடு, நடுவில் பிவிபி என்ற பிளாஸ்டிக் படலம். பெரும்பாலும் தகடு ஒவ்வொன்றும் 2 மி.மீ. அளவு, படலம் 0.76 மி.மீ. எடுவார்ட் பெனடிக்டஸ் என்ற பிரெஞ்சு வேதியியலாளரின் ஆய்வுக்கூடத்தில் 1903-இல் ஒரு குடுவை கீழே விழுந்து விரிசல் விட்டும் சிதறாமல் நின்றதாம். உள்ளே காய்ந்து ஒட்டியிருந்த ஒரு படலம் துண்டுகளைப் பிடித்து வைத்திருந்தது. அங்கிருந்து பிறந்த யோசனை இது. அவர் காப்புரிமை வாங்கியது 1909-இல். உங்கள் வண்டியில் கல் பட்டும் ஒரு துணுக்குகூட மடியில் விழாததற்குக் காரணம் அந்தப் படலம்தான்.

வித்தியாசம் வளைவில் வருகிறது. கண்ணாடியை 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி அச்சில் வளைக்கிறார்கள். கார் கம்பெனியின் வரைபடம் கையில் இருப்பவருக்கு அந்த வளைவு எங்கே எவ்வளவு என்று தெரியும். பார்த்து வார்ப்பவருக்கு ஏறக்குறையத்தான் தெரியும். ஓரத்தில் ஓரிரண்டு மி.மீ. பிசகினால் பீடிங் உட்காராது, 80 கி.மீ. வேகத்தில் விசில் சத்தம் கேட்கும். வளைவு சீராக இல்லாவிட்டால் அது ஓட்டுபவர் கண்ணுக்குத் தெரியும். இதைச் சோதிக்க எந்தக் கருவியும் வேண்டாம். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, எதிரே உள்ள மின்கம்பத்தையோ ஜன்னல் கம்பிகளையோ பார்த்தபடி தலையை மெதுவாக மேலும் கீழும், பக்கவாட்டிலும் அசையுங்கள். கம்பி நெளிந்தால் அந்தக் கண்ணாடி வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இருட்டிய பின் எதிர் வண்டியின் ஹெட்லைட் இரண்டிரண்டாகத் தெரிகிறதா என்றும் பாருங்கள். பகலில் கண்ணுக்குப் படாத குறை இரவில் சென்னை ரோட்டில் தலைவலியாக வந்து நிற்கும்.

கடைக்காரர் காட்டும் சரக்கு எந்த வகை என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. இப்போது உடைந்திருக்கும் உங்கள் கண்ணாடியின் கீழ் மூலையில் சின்னதாக ஒரு முத்திரை அச்சாகியிருக்கும். அதை செல்போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். தயாரித்தவர் பெயர், லேமினேட்டட் என்ற குறிப்பு, ஐஎஸ்ஐ முத்திரையோடு ஐஎஸ் 2553 என்ற தர எண், ஏற்றுமதித் தரம் இருந்தால் வட்டத்துக்குள் 'ஈ' எழுத்தும் ஓர் எண்ணும், அருகே 43ஆர் என்ற குறிப்பும் இருக்கும். புதுக் கண்ணாடியின் முத்திரையை இதோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தயாரித்தவர் பெயர் ஒன்றாக இருந்தால் பேச்சைத் தொடரலாம். வேறு பெயராக இருந்தால் அது யார் என்று கேளுங்கள். பெயரே இல்லை, எழுத்து மங்கல், ஐஎஸ்ஐ இல்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். சைனா கண்ணாடி என்றாலே மட்டம் என்ற பேச்சும் சரியில்லை. ஃபூயாவ் என்ற சீனக் கம்பெனி உலகின் பெரிய கார் கம்பெனிகள் பலவற்றுக்குப் புது வண்டிக் கண்ணாடியே கொடுக்கிறது. பெயர் சொல்லாத சரக்கைக் கண்டுதான் பயப்பட வேண்டும், அது எந்த நாட்டுச் சரக்காக இருந்தாலும்.

முத்திரை ஒத்துப்போனாலும் ஒரு கேள்வி பாக்கி. ஒரே மாடல் காருக்கு மூன்று நான்கு வகைக் கண்ணாடி இருக்கும். மழை சென்சார் உள்ளது, இல்லாதது. வெயில் சூட்டைத் தடுக்கும் பூச்சு உள்ளது, இல்லாதது. சத்தம் குறைக்கும் படலம் வைத்தது, சாதாரணப் படலம் வைத்தது. வெளிக்கடைகளில் பெரும்பாலும் கீழ் வேரியன்ட்டுக்கானதுதான் சரக்கில் இருக்கும். அளவு பொருந்தும், மாட்டியும் விடுவார்கள். சித்திரை வெயிலில் ஏசி ஏன் திணறுகிறது, வைப்பர் ஏன் தானாக ஓடவில்லை என்று பிறகு நீங்கள்தான் யோசித்துக்கொண்டிருப்பீர்கள். வண்டியின் சேசிஸ் எண்ணைக் கொடுத்தால் சர்வீஸ் சென்டரில் சரியான பார்ட் நம்பர் சொல்வார்கள். அதை வாங்கிக்கொண்டு வெளிக்கடையில் பேசுவதில் தப்பில்லை.

இப்போது அந்த விட்டுப்போன வேலை. உள்ளிருக்கும் ரியர்வியூ கண்ணாடிக்குப் பின்னால், முன் கண்ணாடியை ஒட்டி உங்கள் வண்டியில் ஏடாஸுக்கான ஒரு கேமரா இருக்கிறது. தடம் மாறினால் ஸ்டியரிங்கைத் திருப்புவதும், முன்வண்டி திடீரென்று நின்றால் தானே பிரேக் போடுவதும் அது பார்த்துச் சொல்வதை வைத்துத்தான். அந்தக் கேமராவுக்கு முன் கண்ணாடிதான் மூக்குக்கண்ணாடி. கேமரா உட்காரும் பிராக்கெட் கண்ணாடியிலேயே ஒட்டி வருகிறது. பிராக்கெட் ஒரு டிகிரி திரும்பியிருந்தால் என்ன ஆகும்? 100 மீட்டர் தொலைவில் கேமராவின் பார்வை ஒன்றே முக்கால் மீட்டர் விலகிவிடும். நம் நெடுஞ்சாலையில் ஒரு தடத்தின் அகலம் மூன்றரை மீட்டர். அதாவது, பக்கத்துத் தடத்தில் போகும் லாரியை உங்கள் தடத்தில் போவதாக அது நினைக்கலாம். உங்கள் எதிரே நிற்கும் வண்டியைப் பக்கத்தில் நிற்பதாகவும் நினைக்கலாம்.

இதனால்தான் கண்ணாடி மாற்றியதும் கேமராவுக்குக் காலிபிரேஷன் செய்ய வேண்டும். சில வண்டிகளில் சமதளமான தரையில், குறிப்பிட்ட தூரத்தில் கட்டம் போட்ட பலகையை நிறுத்தி, ஸ்கேனரை இணைத்துச் செய்கிறார்கள். சில வண்டிகளில் கோடு தெளிவாகப் போட்ட சாலையில் குறிப்பிட்ட வேகத்தில் ஓட்டிச் செய்கிறார்கள். சிலவற்றுக்கு இரண்டும் வேண்டும். டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியவில்லை, அதனால் எல்லாம் சரி என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கேமரா வேலை செய்கிறது என்பதற்குத்தான் அது சான்று. சரியான திசையைப் பார்க்கிறது என்பதற்குச் சான்று ஆகாது. சர்வீஸ் சென்டரின் 38,000-இல் இந்தக் காலிபிரேஷன் அடக்கமா என்று எழுத்தில் கேளுங்கள். திருச்சிக் கடைக்காரரிடம், "காலிபிரேஷன் யார் செய்வார்கள், எங்கே, எவ்வளவு?" என்று கேளுங்கள். "அதெல்லாம் தானா செட் ஆயிடும் சார்" என்று பதில் வந்தால் அந்தக் கடையில் உங்கள் வண்டியை விட வேண்டாம். மாறாக, "கண்ணாடி நான் போடுகிறேன், ஸ்கேன் செய்யக் கம்பெனிக்கு எடுத்துப் போங்கள், அவர்கள் தனியாக வாங்குவார்கள்" என்று நேர்மையாகச் சொன்னால் அவர் விஷயம் தெரிந்தவர். அப்போது அவர் விலையோடு அந்தச் செலவையும் கூட்டிப் பாருங்கள். வெளியே போட்ட கண்ணாடிக்குக் காலிபிரேஷன் செய்ய மாட்டோம் என்று சில சர்வீஸ் சென்டர்கள் கையை விரிப்பதும் உண்டு. அதையும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

எந்தக் கண்ணாடி என்று இவ்வளவு விசாரிக்கும் நம் ஆட்கள், எதை வைத்து ஒட்டுகிறீர்கள் என்று கேட்பதே இல்லை. என்னைக் கேட்டால் முதலில் கேட்க வேண்டியது அதுதான். நடுத்தரமான கண்ணாடியை நல்ல கைக்காரர் ஒட்டினால் பயமில்லை. லோகோ போட்ட கண்ணாடியை அரைகுறையாக ஒட்டினால் ஆபத்து. அம்பாசடர், பத்மினி காலத்தில் கண்ணாடி ரப்பர் பீடிங்கில் மாட்டி நின்றது. காற்றையும் மழையையும் தடுப்பதோடு அதன் வேலை முடிந்தது. இன்றைய வண்டியில் முன் கண்ணாடி பாடியோடு ஒட்டிய ஓர் உறுப்பு. வண்டி உருண்டால் கூரை நசுங்காமல் தாங்குவதில் அதற்குப் பங்கு உண்டு. முன் பயணியின் ஏர்பேக் பல வண்டிகளில் மேலே எழும்பிக் கண்ணாடியில் மோதித்தான் பயணியின் பக்கம் திரும்புகிறது. பிடிமானம் இல்லாத கண்ணாடியாக இருந்தால் ஏர்பேக் அதை வெளியே தள்ளிவிடும், பயணிக்கு முன்னால் ஒன்றும் இருக்காது.

அந்தப் பிடிமானத்துக்கு வேண்டியது பாலியூரித்தேன் சீலன்ட். கடையில் பியூ என்பார்கள். சிக்கா போன்ற கம்பெனிகளின் சரக்கு கிடைக்கிறது. டியூபின் மேல் காலாவதித் தேதி இருக்கும், வாங்கிப் பாருங்கள். திறந்து வைத்த பழைய டியூபை மறுபடி எடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். குளியலறைக்குப் பூசும் சிலிகானை எடுத்து வருபவரும் உண்டு. அது தண்ணீரைத் தடுக்கும், கண்ணாடியைப் பிடித்து வைக்காது. அதோடு, சிலிகான் பட்ட இடத்தில் பிறகு பியூவும் சரியாகப் பிடிக்காது.

பழைய கண்ணாடியை அறுத்து எடுக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். சங்கோஜப்பட வேண்டாம், உங்கள் வண்டி. கத்தியோ கம்பியோ பாடியின் பெயின்ட்டில் பட்டுத் தகரம் தெரிந்தால், அந்த இடத்தில் பிரைமர் பூசிய பிறகே பியூ போட வேண்டும். பூசாமல் மூடிவிட்டால் உள்ளே துரு பிடிக்கும், துருவோடு சேர்ந்து ஒட்டும் கழன்று வரும். கடலோர ஊர்களில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். பழைய பியூவை முழுக்கச் சுரண்டி எடுப்பதும் தப்பு. மெல்லிய படுகையாக ஓரிரண்டு மி.மீ. விட்டு, அதன்மேல் புதிதைப் போடுவதுதான் முறை. புதுக் கண்ணாடியின் ஓரத்திலும் பிரைமர் தடவ வேண்டும், தடவிய இடத்தை வெறுங்கையால் தொடக்கூடாது.

பியூ காற்றிலுள்ள ஈரத்தை வாங்கித்தான் இறுகும். எவ்வளவு நேரத்தில் வண்டியை எடுக்கலாம் என்பது சரக்குக்குச் சரக்கு மாறும். ஒரு மணி நேரத்தில் எடுக்கக்கூடியதும் உண்டு, மறுநாள் வரை விட வேண்டியதும் உண்டு. தயாரிப்பாளர் தாளில் போட்டிருப்பதைக் காட்டச் சொல்லுங்கள். முதல் நாள் ஒரு ஜன்னலை விரலளவு இறக்கி வையுங்கள். எல்லாம் மூடிய வண்டியில் கதவை அறைந்து சாத்தினால் உள்ளே அழுத்தும் காற்று இறுகாத ஒட்டைத் தள்ளும். ஓரிரண்டு நாள் பிரஷர் வாஷ் வேண்டாம். ஐப்பசி கார்த்திகை மழையில், கடை வாசலில் திறந்தவெளியில் ஒட்டுவதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். கூரை உள்ள இடம் வேண்டும்.

இனி மச்சானின் கணக்கு. உதாரணத்துக்கு, போனஸ் கழிப்பதற்கு முன் உங்கள் ஓன் டேமேஜ் (சொந்த வண்டிச் சேதத்துக்கான) பிரீமியம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். என்சிபி இந்தப் பகுதிக்கு மட்டும்தான், தேர்டு பார்ட்டி பிரீமியத்துக்கு இல்லை. க்ளைம் போட்டால் அடுத்த புதுப்பித்தலில் போனஸ் பூஜ்யம். பிறகு ஒவ்வோர் ஆண்டாக 20, 25, 35, 45 என்று ஏறி மறுபடி 50 சதவீதத்துக்கு வரும். 50-இலிருந்து ஒவ்வோர் ஆண்டும் எவ்வளவு குறைகிறது என்று கூட்டினால் 50, 30, 25, 15, 5; மொத்தம் 125 சதவீதம். 12,000-இல் அது 15,000 ரூபாய், வரி தனி. வண்டியின் மதிப்பு ஆண்டுதோறும் இறங்குவதால் உண்மையில் இதைவிடக் கொஞ்சம் குறைவாகவே வரும்.

மறுபக்கம், க்ளைமில் உங்கள் கையிலிருந்து போவது என்ன? 1,500 சிசி வரை உள்ள காருக்குக் கட்டாயப் பிடித்தம் 1,000 ரூபாய். கண்ணாடிக்குத் தேய்மானம் கிடையாது. பிளாஸ்டிக், ரப்பருக்குப் பாதி கழிப்பார்கள், கண்ணாடிக்கு முழுத் தொகை. தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் ஆட்-ஆன் எடுக்காதவர்களுக்கும் இது பொருந்தும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. சீலன்ட், பிரைமர் போன்றவற்றுக்குக் கன்ஸ்யூமபிள்ஸ் கவர் இல்லாவிட்டால் ஏதோ கொஞ்சம் நீங்கள் தர வேண்டியிருக்கும். காலிபிரேஷன் கூலியை ஏற்பார்களா என்று முதலிலேயே கேளுங்கள். எல்லாம் கூட்டினால் இந்தக் க்ளைம் உங்களுக்குப் பல ஆண்டுகளில் பரவலாக 16,000, 17,000 ரூபாய்க்குள் முடியும். கேமரா சரிபார்க்காத வெளிக்கண்ணாடியின் 14,000 இன்றே ரொக்கமாகப் போவது.

ஆகவே என் யோசனை: க்ளைம் போட்டு, சர்வீஸ் சென்டரில் கம்பெனிக் கண்ணாடி போடுங்கள். பாலிசித் தாளில் என்சிபி புரொடெக்ட் என்ற ஆட்-ஆன் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது இருந்து, அதன் நிபந்தனையில் இந்தக் க்ளைமும் அடங்கினால் மச்சானுக்குப் பேச்சே இருக்காது. உங்கள் ஓன் டேமேஜ் பிரீமியம் நான் சொன்னதைவிட மிக அதிகம் என்றால் மட்டும் கணக்கு மாறும். அப்போது அதே தயாரிப்பாளரின் லோகோ இல்லாத கண்ணாடி, சரியான பார்ட் நம்பர், தனியாகக் காலிபிரேஷன் என்று வெளியே போவதும் கெட்ட முடிவு இல்லை. எது செய்தாலும் வண்டியைத் தொடுவதற்கு முன் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் சொல்லி, உடைந்த கண்ணாடியைப் படம் எடுத்துவிடுங்கள். மாற்றிய பிறகு சொன்னால் க்ளைமைத் தள்ளிவிடுவார்கள்.

தம்பியின் 2012 வண்டியில் கேமராவும் இல்லை, சென்சாரும் இருக்காது. அதற்கு லோகோவுக்குக் காசு கொடுப்பது வீண். ஐஎஸ்ஐ முத்திரையும் தெரிந்த கம்பெனிப் பெயரும் உள்ள வெளிக்கண்ணாடி போதும். மிச்சம் பிடித்த பணத்தில் நல்ல பியூவும் நல்ல கைக்காரரும் கிடைப்பார்கள். வைப்பர் ரப்பரையும் கூடவே மாற்றச் சொல்லுங்கள். பழைய ரப்பர் புதுக் கண்ணாடியையும் அதேபோலக் கீறிவிடும். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் மலிவாகக் கிடைக்கிறது என்று கண்ணாடியை மட்டும் வாங்கி வந்து உள்ளூரில் மாட்டும் யோசனை தம்பிக்கு இருந்தால் தடுத்துவிடுங்கள். வழியில் ஓரம் சிதைந்தாலோ, மாட்டும்போது உடைந்தாலோ, விற்றவரும் மாட்டியவரும் ஒருவரை ஒருவர் கை காட்டுவார்கள். கண்ணாடியும் கூலியும் ஒரே பில்லில், ஒழுகினால் யார் பொறுப்பு என்ற வரியோடு இருக்கட்டும்.

அடுத்த முறைக்காக இருவருக்கும் ஒரு யோசனை. கல் பட்ட அன்றே, ஒரு ரூபாய்க் காசைவிடச் சின்னப் புள்ளியாக, டிரைவர் பார்வைக்கு நேரே இல்லாமலும் ஓரத்தைத் தொடாமலும் இருந்தால், ரெசின் ஏற்றி அடைத்துவிடலாம். அதுவரை புள்ளியின்மேல் ஒரு துண்டு டேப் ஒட்டி, நிழலில் நிறுத்தி, ஏசிக் காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பாமல் இருக்க வேண்டும்.

கடைசியாக ஃபாஸ்டேக். அது பழைய கண்ணாடியோடு போய்விடும். உரித்து எடுத்துப் புதுக் கண்ணாடியில் ஒட்ட முயன்றால் உள்ளிருக்கும் ஆன்டெனா கிழிந்து செத்துவிடும், அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். வண்டியை விடும் முன்பே டேக் கொடுத்த வங்கியிடம் மாற்று டேக் கேட்டு வையுங்கள். அதே வண்டி எண்ணுக்கு, இருக்கும் தொகையோடு தருவார்கள். டேக் இல்லாமல் சென்னைக்குக் கிளம்பினால் திருமாந்துறையில் ஆரம்பித்து ஒவ்வொரு சுங்கச்சாவடியிலும் கூடுதல் கட்டணம் கேட்பார்கள்.